பலசரக்குக் கடைக்கு எத்தனை கேமரா, எங்கே மாட்டுவது?

கேட்டவர் விருதுநகர் பக்கம் கடை வைத்திருக்கிறார். அப்பா காலத்துப் பலசரக்குக் கடையை, வருகிறவர்களே கூடை எடுத்துப் பொறுக்கிக்கொள்ளும் கடையாக மாற்றியிருக்கிறார். அகலம் 20 அடி, நீளம் 45 அடி. முன்னால் ரோட்டைப் பார்த்த ஷட்டர், உள்ளே மூன்று நடைபாதைகள், பின்னால் சந்தில் கதவு திறக்கும் குடோன். இரண்டு மாதமாகச் சரக்கு இருப்பு கணக்கில் துண்டு விழுகிறதாம். கேமரா போட விலைப்புள்ளி கேட்டதற்கு, 5 மெகாபிக்சல் டோம் கேமரா (கூரையில் ஒட்டும் கிண்ண வடிவக் கேமரா) எட்டு, படத்தைப் பதிவு செய்யும் ரெக்கார்டரான டிவிஆர் ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது சரியா, கூடுதலா, ஏமாற்றா என்பது கேள்வி.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் எழுதியது. இதே தாளைச் செருப்புக் கடைக்கும் கொடுப்பார்கள், மருந்துக் கடைக்கும் கொடுப்பார்கள். உங்கள் கடைக்கு ஆறு கேமரா போதும், அதிலும் 2 மெகாபிக்சலே தாராளம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் லென்ஸ் வேறு, உயரம் வேறு, ஹார்ட் டிஸ்க் நான்கு மடங்கு வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

கேமரா மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். "இந்தப் படத்தைப் பார்த்து நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" ஆள் யார் என்றா, கை என்ன செய்தது என்றா, எத்தனை பெட்டி இறங்கியது என்றா? பதிலைப் பொறுத்துத்தான் லென்ஸ். "கடை முழுக்கத் தெரியணும்" என்று சொன்னால், முழுக்கத் தெரியும், யாரையும் அடையாளம் தெரியாது.

இதைக் கணக்காகவே காட்டலாம். சந்தையில் சாதாரணமாகக் கொடுக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கும். அதைக் கடையின் ஒரு கோடியில் மாட்டி மறு கோடியில், 40 அடி தள்ளி, நிற்கும் ஆளைப் பாருங்கள். அந்தத் தூரத்தில் லென்ஸ் பிடிக்கும் அகலம் சுமார் 31 மீட்டர். உங்கள் கடையின் அகலமே 6 மீட்டர்தான், மிச்சமெல்லாம் பக்கச் சுவருக்குப் போய்விடும். 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 புள்ளி. அதை 31-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 62 புள்ளி. மனித முகம் 16 செ.மீ. அகலம் என்று வையுங்கள், முகத்துக்குக் கிடைப்பது பத்தே பத்துப் புள்ளி. மூக்கும் கண்ணும் அதில் எங்கே தேடுவது?

"அதுக்குத்தான் சார் 5 மெகாபிக்சல்" என்பார்கள். மெகாபிக்சல் இரண்டரை மடங்கு கூடுகிறது, வாஸ்தவம். ஆனால் அது அகலத்துக்கும் உயரத்துக்கும் பங்கு போகிறது. அகலவாக்கில் 1920 என்பது 2560 ஆகிறது, அவ்வளவுதான். பத்துப் புள்ளி முகம் பதின்மூன்று ஆகும். அதே 2 மெகாபிக்சல் கேமராவில் 6 மி.மீ. லென்ஸ் போட்டு வாசலிலிருந்து 16 அடியில் வைத்தால், அது பிடிக்கும் அகலம் 5 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். முகத்துக்கு அறுபதுக்கு மேல் புள்ளி கிடைக்கும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 62676-4-இன் 2014 பதிப்பு, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்றது. தெரிந்த ஆளா என்று பார்க்க 125. நீங்கள் வாங்கப்போகும் கேமராவின் விவரத்தாளிலேயே இந்தத் தூரங்கள் போட்டிருக்கும். கடைக்காரர் அதை எடுத்துக் காட்டவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

ஆக, முதல் கேமரா வாசலுக்கு. ஆறில் ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றாலும் இதைத்தான் போடச் சொல்வேன். ஷட்டர் 16 அடி அகலம் இருந்தாலும், ஒரு பக்கம் பில் கவுன்ட்டர், மறுபக்கம் கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜ் போக ஆள் நுழையும் வழி ஐந்தாறு அடிதான் இருக்கும். எல்லோரும் அந்த இடுக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும். உள்ளே நடு ரேக்கின் தலைப்பில், தரையிலிருந்து ஏழரை எட்டு அடிக்குள், வாசலைப் பார்த்து மாட்டுங்கள். கூரையில் பதினோரு அடியில் ஒட்டவைத்த டோம் கீழே நடக்கிறவரின் உச்சந்தலையைத்தான் காட்டும். தொப்பி போட்டிருந்தால் அதுவும் இல்லை. எட்டு அடியில் வைத்து 16 அடி தள்ளிப் பார்த்தால் சரிவு பத்து டிகிரிதான் வரும், முகம் நேராக விழும்.

இந்தக் கேமராவுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. உள்ளிருந்து ரோட்டைப் பார்க்கும்போது பின்னால் வெயில், முன்னால் ஆள். முகம் கரிக்கட்டையாகத் தெரியும். கடை மேற்குப் பார்த்ததாக இருந்தால் மாலை நாலு மணிக்குமேல் சொல்லவே வேண்டாம். இதற்கு டபிள்யூடிஆர் என்ற வசதி வேண்டும். வெளிச்சமான படமொன்றும் இருட்டான படமொன்றும் அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது அது. விவரத்தாளில் 120 டெசிபெல் என்று எண் போட்டிருந்தால் அசல். "டிஜிட்டல் டபிள்யூடிஆர்" என்று மட்டும் இருந்தால் அது எடுத்த படத்தைப் பிறகு வெளுக்க வைப்பது. ஆறு கேமராவுக்கும் இது தேவையில்லை. வாசல் கேமராவுக்கு மட்டும் சில நூறு ரூபாய் கூடப் போனாலும் போகட்டும்.

இரண்டாவது, கல்லா. இங்கே முகம் வேண்டாம், கை வேண்டும். கவுன்ட்டருக்கு மேலே சற்றே பக்கவாட்டில், எட்டொன்பது அடியில், 2.8 மி.மீ. லென்ஸ். பொருள் கூடையிலிருந்து வெளியே வருவது, ஸ்கேன் ஆவது, பைக்குள் போவது, பணம் கைமாறுவது, கல்லாப்பெட்டி திறப்பது எல்லாம் ஒரே படத்துக்குள் வர வேண்டும். கார்டு மெஷினில் வாடிக்கையாளர் பின் நம்பர் அழுத்தும் விரல் தெரியாத கோணமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்தால் நாளைக்கு அதுவே உங்கள் தலையில் விடியும்.

கல்லாக் கேமராவை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. பன்னிரண்டு மணி நேரப் படத்தை உட்கார்ந்து பார்க்க எந்த அண்ணாச்சிக்கும் நேரம் கிடையாது. பில்லிங் மென்பொருளில் ரத்தான பில், பாதியில் நீக்கிய பொருள், கைமுறையாக விலை மாற்றியது, இவற்றுக்குத் தனிப் பட்டியல் எடுக்க முடியும். வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பட்டியலை எடுத்து, அந்தந்த நேரத்துக்கு மட்டும் படத்தை ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் காசு கொடுத்துப் பையோடு போன பிறகு பில் ரத்தாகியிருந்தால் விஷயம் விளங்கிவிடும். அதற்கு டிவிஆர் கடிகாரமும் பில்லிங் கணினிக் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும் அமைப்பை இரண்டிலும் போட்டுவிடுங்கள்.

மூன்றாவதும் நான்காவதும் நடைபாதைகளுக்கு. நடைபாதையின் கோடியில் நின்று நீளவாக்கில் பார்க்க வேண்டும். குறுக்கே வைத்தால் ரேக்கின் முதுகுதான் தெரியும். மூன்று நடைபாதைக்கு இரண்டே கேமராவா என்று கேட்பீர்கள். அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் இருக்கிற பாதைக்குக் கேமரா எதற்கு? ஷாம்பு, முகப்பூச்சு, சாக்லேட், முந்திரி, நெய், குழந்தைப் பால்மாவு மாதிரி, கைக்கு அடக்கமாகவும் விலை கூடுதலாகவும் இருப்பதை இரண்டு பாதைக்குள் கொண்டுவாருங்கள். ரேக் மாற்றுவதற்குச் செலவு கிடையாது. நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமரா என்றால் படத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, செல்போனில் செங்குத்தாக எடுப்பதுபோல் வைக்கும் வசதி உண்டு. குறுகலான பாதைக்கு அது கச்சிதம்.

ஐந்தாவது குடோன். துண்டு விழுகிறது என்றதும் எல்லோருக்கும் வாடிக்கையாளர் மேல்தான் சந்தேகம் போகிறது. நான் முதலில் பின்கதவைப் பார்ப்பேன். சரக்கு வண்டி வரும்போது நீங்கள் கல்லாவில் இருப்பீர்கள். பையன் ஒருவன் எண்ணிக் கையெழுத்துப் போடுவான். இன்வாய்ஸில் 24 பெட்டி, இறங்கியது 23. யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, அவசரத்தில் எண்ணினால் நடக்கிறதுதான். காலாவதியான சரக்கைத் திருப்பி அனுப்பியது வரவில் ஏறாமல் போவதும் இதே கணக்கில் சேரும். குடோனுக்குள் கதவைப் பார்த்து ஒரு கேமரா வைத்து, இறங்கும் பெட்டிகளை அதன் எதிரே தரையில் அடுக்கி எண்ணிய பிறகே உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். துண்டில் ஒரு பகுதி இங்கேயே அடைபட்டால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

ஆறாவது வெளியே, சன்ஷேடுக்குக் கீழே, ஷட்டரையும் பைக் நிறுத்தும் இடத்தையும் பார்த்து ஒரு புல்லட் கேமரா, அதாவது குழாய் வடிவக் கேமரா. ராத்திரி வண்டி நம்பர் படிக்கலாம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாக வெந்துபோகும். நம்பர் படிக்கத் தனிக் கேமரா, தனி அமைப்பு. எதிர்வீட்டு ஜன்னல் படத்துக்குள் வந்தால் கேமராவைத் திருப்புங்கள், முடியாவிட்டால் மென்பொருளில் அந்தப் பகுதியைக் கறுப்பாக்குங்கள். சென்னையில் ஏ.கே. விசுவநாதன் காவல் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று கடைக்காரர்களைத் தெருப்பக்கம் கேமரா வைக்கச் சொன்னார்கள். அது முதல் மற்ற ஊர்களிலும் ஸ்டேஷனிலிருந்து வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. தெருவைப் பார்த்து ஒன்று இருந்தால் அக்கம்பக்கத்துக்கும் உபயோகம்.

இப்போது ஹார்ட் டிஸ்க். உங்கள் விலைப்புள்ளியில் பெரிய ஓட்டை இங்கேதான். 5 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 4 மெகாபிட் எழுதுகிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 43 ஜிபி. எட்டுக்கு 345 ஜிபி. 1 டிபி டிஸ்க் மூன்று நாள்கூடத் தாங்காது, பழையதை அழித்துவிட்டு மேலே எழுத ஆரம்பித்துவிடும். திங்கள்கிழமை நடந்ததை வெள்ளிக்கிழமை இருப்பு எண்ணும்போது கண்டுபிடித்தால் படம் இருக்காது. ஆறு 2 மெகாபிக்சல் கேமராவை எச்.265 என்ற, படத்தைச் சுருக்கி எழுதும் முறையில் நொடிக்கு 2 மெகாபிட் வீதம் எழுத வைத்தால் நாளுக்கு 130 ஜிபி. 4 டிபி டிஸ்க் முப்பது நாள் தாங்கும். மாதம் ஒருமுறை இருப்பு எடுக்கிறீர்கள் என்றால் அந்த முப்பது நாள் கட்டாயம் வேண்டும். டிஸ்க் கண்காணிப்புக்கென்றே செய்ததாக இருக்கட்டும், டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி. கணினியிலிருந்து கழற்றிய டிஸ்க்கைப் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கு அது ஆகாது.

கோஆக்ஸியல் கேபிளில் ஓடும் எச்டி கேமராவா, நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஐபி கேமராவா? புதிதாக வயரிங் செய்கிற கடை என்பதால் பிஓஇ சுவிட்சோடு ஐபி போடுங்கள் என்பேன். படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் போகும். ஏற்கெனவே 3+1 கேபிள் (கோஆக்ஸியலும் மின்சாரக் கம்பிகளும் சேர்ந்தது) இழுத்து வைத்திருந்தால் அதைப் பிய்க்க வேண்டாம், எச்டியே போதும், பழுது பார்க்க ஊருக்குள் ஆள் சுலபமாகக் கிடைப்பார்கள். வைஃபை கேமரா பெட்டிக்கடைக்குச் சரி. பஜாரில் அத்தனை கடை வைஃபைக்கும் நடுவில் ஆறு வைஃபை கேமராவை நம்ப மாட்டேன்.

எதுவானாலும் கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. என்னிடம் அடிக்கடி வரும் புகார் இது: "பகல்ல நல்லா ஓடுது, ராத்திரி ஆனா படம் போயிருது." கேமராவில் கோளாறே இருக்காது. இருட்டியதும் கேமராவுக்குள் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், இழுக்கும் கரன்ட் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கேபிளுக்குள் இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி, அதுவும் மயிரிழை. பவர் சப்ளையில் 12 வோல்ட் இருக்கும், கேமரா முனையில் பத்துகூட வராது. கேமரா அணையும், விளக்கும் சேர்ந்து அணைவதால் வோல்டேஜ் ஏறும், திரும்ப உயிர் வரும், மறுபடி அணையும். விடிய விடிய இதே கூத்து. ராத்திரியில் கேமரா முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். முழுச் செம்புக் கேபிள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நடுவில் டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பலசரக்குக் கடை என்றால் எலி உண்டு, ஆகவே மொத்தக் கேபிளும் பைப்புக்குள் போகட்டும்.

வெளிக் கேமராவில் சிலந்தி வலை கட்டும். அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ராத்திரிப் படம் பனி மூட்டம்போல் வெளுத்திருந்தால் முதலில் ஒட்டடைக் கம்பை எடுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுவது அப்புறம்.

ரெக்கார்டரைக் கல்லா மேஜைக்குக் கீழே வைக்கிற பழக்கம் நம் ஊரில் அதிகம். திருட வருகிறவன் காசோடு அதையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். குடோன் பரணில், காற்றோட்டமுள்ள பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். வாசல் கேமராவில் மட்டும் ஒரு மெமரி கார்டும் போட்டுவிட்டால், ரெக்கார்டர் போனாலும் ஒரு பிரதி மிஞ்சும். இன்வெர்ட்டர் இருந்தாலும் ரெக்கார்டர், சுவிட்ச், ரௌட்டர் மூன்றுக்கும் ஒரு சிறு யுபிஎஸ் தனியாக வேண்டும். கரன்ட் போய் இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண்ணிமைப்பில் ரெக்கார்டர் அணைந்து திரும்ப எழ இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

கேமரா இருந்தால் பூட்டு வேண்டாம் என்று நினைத்துவிட வேண்டாம். 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார்களே, கேமராக்கள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அதில் தெரிந்தது முகமூடி. ஆள் சிக்கியது திருவாரூரில் நடந்த வாகனச் சோதனையில். உங்கள் குடோன் கதவு பழைய மரக்கதவு என்றால் ஒரு கேமராவைக் குறைத்துவிட்டு இரும்புக் கதவு போடுங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் கறாராக இருங்கள். மாட்ட வருகிற பையன் தன் செல்போன் நம்பரிலேயே செயலிக் கணக்கைத் திறந்து, எல்லாக் கடைக்கும் போடும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டு, உங்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. உங்கள் கடையை அவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். முதன்மைக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வேலை முடிந்த அன்றே பாஸ்வேர்டை நீங்களே மாற்ற வேண்டும். 2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான டிவிஆர்களையும் ஐபி கேமராக்களையும் பிடித்துக்கொண்டு பெரிய இணையதளங்களை முடக்கியது. அது உள்ளே நுழைந்த வழி, தொழிற்சாலையில் போட்டு அனுப்பிய பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதுதான். வாங்கும்போது எஸ்டிக்யூசி சான்றும் (மத்திய அரசின் சோதனைச் சான்று) பிஐஎஸ் பதிவும் (இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு) இருக்கிறதா என்று மாடல் எண்ணை வைத்துக் கேளுங்கள். 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்த பாதுகாப்பு விதிகள் 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்கு நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பழைய இருப்பைத் தள்ளிவிட நினைப்பவர்கள் விலையை இறக்கிச் சொல்வார்கள்.

சட்டப் பக்கம் இரண்டு விஷயம். வேலை செய்யும் பெண்கள் உடை மாற்றும் இடம், கழிப்பறை வாசல் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் இதற்குச் சிறைத் தண்டனை சொல்கின்றன. "தெரியாமல் பட்டுவிட்டது" என்று விளக்கம் சொல்லும் நிலையே வரக் கூடாது. கேமராவில் மைக் இருந்தால் அணைத்து வையுங்கள். "இங்கு கண்காணிப்புக் கேமரா இயங்குகிறது" என்று வாசலில் தமிழில் ஒரு பலகை மாட்டுங்கள்.

மற்றது சாட்சியம். திருட்டு நடந்து நீங்கள் புகார் கொடுத்தால், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு வேலை முடியாது. மின்னணுப் பதிவின் பிரதிக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்போது அது பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. அதன் படிவத்தில் இரண்டு பகுதி: ஒன்றில் கருவியைப் பொறுப்பில் வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இன்னொன்றில் நிபுணர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும், அதாவது ஒரு புள்ளி மாறினாலும் மாறிவிடும் அடையாள எண். சம்பவம் தெரிந்த அன்றே பென் டிரைவில் இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். ரெக்கார்டர் திரையில் தெரியும் நேரத்தையும் உங்கள் செல்போன் நேரத்தையும் ஒன்றாக வைத்து ஒரு போட்டோ எடுங்கள். போலீஸ் ரெக்கார்டரையே எடுத்துப் போனால் மகஜரில், அதாவது கைப்பற்றியதை எழுதும் தாளில், அதன் வரிசை எண்ணும் டிஸ்க்கின் வரிசை எண்ணும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாக்கிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு ராத்திரி கடை சாத்தியபின் சோதித்துப் பாருங்கள். விளக்கை அணைத்து, ஒரு ஆளைத் தொப்பியோடு வாசலிலிருந்து குடோன் வரை நடக்கவிட்டு, மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மறுநாள் மதியம் வெயிலிலும் அதே ஆளை நடக்க விடுங்கள். பிறகு நேரடிப் படத்தை விட்டுவிட்டு, பதிவான படத்தை ஓட்டிப் பார்த்து, அந்த ஆளைத் தெரியாத ஒருவரிடம் காட்டி, இவர் யார் என்று கடைப் பையன்கள் வரிசையிலிருந்து பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்க முடியவில்லை என்றால் வாசல் கேமராவின் லென்ஸை மாற்றித் தரும்வரை பாக்கி உங்கள் கல்லாவிலேயே இருக்கட்டும்.